வடிகட்டியில் விழுந்த முத்துகள்

மாதேஸ்வரி நாலு என்று பொய் சொல்லியிருந்தாள்.

சாயங்காலம் ஆம்புலன்ஸிலிருந்து இறக்கும்போது அவளுக்கு வயிறு கிழிகிற வலி. விடுதி வாசலில் ஒரு வாந்தி, வழியில் மூன்று. கடைசி வாந்தி காப்பிப் பொடியைக் கரைத்து ஊற்றியது போல இருந்தது. வயிற்றைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "வாரியம் குடுக்குற நலமுத்து கொத்தாக் கெடக்குது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டதால எண்ண முடியல. நீயே சொல்லும்மா, எத்தன முழுங்குன?" என்று கேட்டார். அம்மா பக்கத்திலேயே நின்றாள். ஒன்று என்றால் நம்ப மாட்டார்கள். ஏழு என்றால் ஏன் ஏழு என்று கேட்பார்கள். "நாலு சார்" என்றாள் மாதேஸ்வரி.

இப்போது மணி பதினொன்றரை. நாலாவது முத்தும் விழுந்துவிட்டது.

நர்ஸ் பெனிலா அதை இடுக்கியால் எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள். கொண்டைக்கடலை அளவு. நீல நிறம். மேல்தோல் வெடித்து, உள்ளே துருப்பிடித்த ஆணியின் பழுப்பு தெரிந்தது.

"நாலு. கணக்கு சரி. இனி ஒரு அரை மணிக்கூர் ஓடட்டும் பிள்ளே, தண்ணி தெளிவா வந்தா மூக்குக் குழாய எடுத்துரலாம். காலைல படம் எடுக்க ஆளு வரும்போ ஒருக்கா பாத்துக்கலாம்."

பெனிலாவுக்கு மார்த்தாண்டம் பக்கம். இந்த மலையோர ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்து எட்டு மாதம்தான். அவள் பேச்சைக் கேட்டால் மாதேஸ்வரிக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்தது. ஆறு மணியிலிருந்து இருவரும் இப்படித்தான் இருந்தார்கள். மூக்கு வழியாக ஒரு குழாய் வயிற்றுக்குள் போனது. கம்பியில் தொங்கிய பையிலிருந்து உப்பும் ஏதோ மாவுப் பொடியும் கலந்த வெதுவெதுப்பான தண்ணீர், மணிக்கு ஒன்றரை லிட்டர், நிற்காமல் இறங்கியது. மறைப்புத் துணிக்குப் பின்னால் ஓட்டை வைத்த நாற்காலி. அதற்குக் கீழே பேசின். பேசினின் மேல் ஒரு டீ வடிகட்டி.

"கேன்டீன்ல வாங்கினது. திரும்பக் குடுக்க மாட்டேன், சத்தியமா" என்று பெனிலா முதலிலேயே சொல்லியிருந்தாள்.

டாக்டர் இந்த வைத்தியத்துக்கு நீளமான ஒரு பெயர் சொன்னார். பெனிலா சொன்னது, 'குடல்ல வெள்ளம் விடுகது.'

மாதேஸ்வரிக்கு எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பத்தாம் வகுப்பில் அவளுக்குக் கேள்விக்குறி என்றே பட்டப்பெயர். இரண்டாவது லிட்டர் போகும்போதே கேட்டுவிட்டாள். "இவ்ளோ தண்ணி போனா நான் வத்திப் போயிர மாட்டனாக்கா?"

"பேதி மாத்திரைன்னா ஒடம்புத் தண்ணிய இழுத்துட்டுப் போவும். இது அப்படி இல்ல. வந்த தண்ணி வந்த மாதிரியே போவும். வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒரு வாய் பச்சத்தண்ணி குடிக்காம எறங்கிப் போறது மாதிரி. போற வழியில எது கெடந்தாலும் கூட்டிட்டுப் போவும்."

"பூச்சி மருந்து குடிச்சவங்களுக்குக் கரித்தண்ணி குடுப்பாங்களே?"

"கரியில இரும்பு ஒட்டாது மக்களே. இரும்புக்கு வெள்ளந்தான்."

இப்போது எட்டு லிட்டருக்கு மேல் உள்ளே போய் வெளியே வந்துவிட்டது. வலி குறைந்திருந்தது. வாந்தி நின்று இரண்டு மணி நேரம் ஆயிற்று. கட்டிலுக்குக் கீழே, தரையில் விரித்த புடவையின் மேல், அம்மா சின்னபாப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். எல்லாம் முடிந்துவிட்டது போல இருந்தது. இன்னும் மூன்று முத்துகள் உள்ளே இருக்கின்றன என்பது மாதேஸ்வரிக்கு மட்டும் தெரியும்.

அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தாள். மூன்றுதானே. உடம்பு தேறிவிட்டதே.

அப்போதுதான் பேசினைக் குனிந்து பார்த்தாள். தெளிந்த தண்ணீரில் ஓர் ஓரமாகச் செம்பருத்தி ஊறிய நிறம் கலங்கிப் பரவிக்கொண்டிருந்தது.

"அக்கா!" நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தாள். "அக்கா, வந்துட்டனாக்கா? இப்ப வரக்கூடாதுக்கா. ப்ளீஸ்க்கா, இப்ப வரக்கூடாது."

பெனிலா எட்டிப் பார்த்தாள். சிரித்தாள். "ஒண்ணும் வரல. அது மூத்திரம். கையில ஊசி போட்டோம்ல, அந்த மருந்து ரத்தத்துல திரியுற இரும்பப் பிடிச்சு மூத்திரத்துல கொண்டு விடும். பிடிச்சா செவப்பாத்தான் போவும். நல்ல விசயம் பிள்ளே, கொண்டாடணும்."

மாதேஸ்வரி நாற்காலியின் கைப்பிடியை விடவில்லை.

பெனிலாவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. "ஒனக்கு பதினஞ்சு வயசுன்னு சீட்டுல எழுதியிருக்கு. இன்னும் வயசுக்கு வரலியா? சரி, சில பேருக்கு பிந்தும். வந்தா வீட்டுல புதுத் துணி எடுப்பாவ, புட்டு சுத்துவாவ. நீ என்னன்னா பேய் கண்ட மாதிரி பயந்து கெடக்கா. ஏன் மக்களே?"

"ஒண்ணும் இல்லக்கா."

"ஒண்ணும் இல்லாததுக்கா இந்த ஆட்டம்?"

பெனிலா வற்புறுத்தவில்லை. அவளைத் துடைத்துக் கட்டிலில் ஏற்றி, தலைப்பக்கம் உயர்த்தி வைத்தாள். தண்ணீர் இறங்கும் வேகத்தைக் குறைக்கத் திருகில் கை வைத்தாள்.

"இப்ப நல்லா இருக்குதுக்கா. வலியே இல்ல" என்றாள் மாதேஸ்வரி, எதையாவது பேச வேண்டுமென்று.

"அதுதான் எனக்குப் பிடிக்கல. நாலும் வெளியே வந்துட்டதால பேசாம இருக்கேன்."

"ஏன்க்கா?"

"இரும்புக்கு அது ஒரு கள்ளத்தனம் பாத்துக்க. முதல்ல வயித்துல ஆர்ப்பாட்டம் பண்ணும். பொறவு சத்தம் போடாம இருக்கும். ஆறு மணிக்கூர், பத்து மணிக்கூர். ஆளு எழும்பி உக்காந்து இட்லி கேக்கும். வீட்டுக்காரங்க கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போயிருவாவ. உள்ளே ஒண்ணு ரெண்டு மிச்சம் இருந்துச்சுன்னா, அது அந்நேரம் ஈரலுக்கும் இருதயத்துக்கும் போயிட்டிருக்கும். மறுநாளு கொண்டு வருவாவ. அப்போ வெள்ளம் விட்டும் பிரயோசனம் இல்ல." பெனிலா திருகைப் பாதி மூடிவிட்டாள். "ஒனக்கு அந்தக் கவலை இல்ல. நாலும் வந்தாச்சு."

மாதேஸ்வரி பையைப் பார்த்தாள். சொட்டுகள் இடைவெளி விட்டு விழத் தொடங்கின.

"அக்கா, திருகாதீங்க."

"என்ன?"

"நாலு இல்லக்கா. ஏழு."

பெனிலாவின் கை நின்றது. கோபம் அவள் கழுத்து வரை ஏறி வந்ததை மாதேஸ்வரி பார்த்தாள். ஆனால் முதலில் திருகு முழுக்கத் திறந்தது. பிறகு புதுப் பையொன்று கம்பியில் ஏறியது. அதன் பிறகுதான் வாய். "ஒனக்கு அறிவு இருக்கா? நான் இப்போ குழாய உருவிருப்பேனே! காலைல நீ செத்துக் கெடந்தா நான் யார்ட்ட போய் என்னன்னு சொல்ல?"

"அம்மா எந்திரிச்சுக்கும்க்கா. மெதுவா."

பெனிலா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "சொல்லு. ஒருத்திக்கு மூணு மாசத்துக்கு ஒரு முத்துதான் குடுப்பாவ. மீதி ஆறும் யாருக்க?"

மாதேஸ்வரி சொன்னாள். முதலில் விட்டு விட்டு. பிறகு, வெளியே வரும் தண்ணீரைப் போலவே, நிறுத்த முடியாமல்.

காலாண்டுக்கு ஒருமுறை நலவாரியத்து ஆள் விடுதிக்கு வருவார். பிள்ளைகளுக்கு நீல முத்து, வேலை செய்கிறவர்களுக்கு மஞ்சள் முத்து. எதிரிலேயே முழுங்க வேண்டும். முத்து குடலில் ஒட்டிக்கொண்டு தினமும் கொஞ்சம் இரும்பு கசியவிடும். யாருக்கும் மயக்கம் வருவதில்லை, யாரும் பிரேயரில் விழுவதில்லை. அதோடு நின்றிருந்தால் நல்லதுதான். ஆனால் முத்து பேசும். உடம்பில் ரத்தம் எவ்வளவு, எவ்வளவு போகிறது, எப்போது போகிறது என்று தினமும் ராத்திரி விடுதிச் சுவரில் இருக்கும் பெட்டியிடம் சொல்லும். பெட்டி வாரியத்துக்குச் சொல்லும். வாரியம் வீட்டுக்குச் சொல்லும்.

"விடுதியில என்னோட இருக்கறாளே ருத்ரா, அவ அக்கா அப்ப எட்டாவது படிச்சுனு இருந்தா. அவளுக்கு வந்தது அவளுக்கே தெரியாதுக்கா, கணக்குப் பரிட்சை எழுதினு இருந்தா. அதுக்குள்ள அவுங்கப்பா போனுக்கு மெசேஜ் போயிருச்சு. பூப்படம் எல்லாம் போட்டு, 'வாழ்த்துகள், உங்கள் மகள் பருவமடைந்துள்ளார்'னு. சாயங்காலம் வேன் எடுத்துனு வந்துட்டாங்க. மஞ்சத்தண்ணி ஊத்தின பந்தல்லயே பேசி முடிச்சு, ரெண்டே மாசத்துல மாமனுக்குக் குடுத்துட்டாங்க. திரும்பி வரவே இல்ல."

"அதுக்கும் நீ முழுங்குறதுக்கும் என்ன?"

"எனக்குத்தான் இன்னும் வரலையேக்கா."

பெனிலா புரியாமல் பார்த்தாள்.

"அந்தப் பெட்டிக்குக் காது மட்டுந்தாங்க்கா. கண்ணு கெடையாது. முத்து யாரு வயித்துல இருந்து பேசுதுன்னு அதுக்குத் தெரியாது. எல்லா முத்தும் விடுதிக்குள்ள இருக்குதா, என்னா சொல்லுதுன்னு மட்டுந்தான் கேக்கும். என் வயித்துல இருந்தா 'ஒண்ணும் இல்ல, இன்னும் கொழந்ததான்'னு சொல்லும். ருத்ராதான் மொதல்ல வந்து அழுதா. முத்த நாக்குக்கு அடியில ஒதுக்கி வெச்சு, பாவாடையில தொடச்சு எடுத்துனு வந்தா. அப்புறம் ஒவ்வொருத்தியா. போன வருசம் வரைக்கும் இவளுங்கதான் என்னை 'பிஞ்சு, பிஞ்சு'ன்னு கூப்ட்டாளுங்க."

பெனிலா சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போன காலாண்டுல என்னோடது சேத்தி ரெண்டுதான். ஒண்ணும் ஆவல. அதான் இந்த தபா ஆறு பேருக்கும் சரின்னுட்டேன்."

"ரெண்டுன்னா தனித்தனியா ஒட்டிக்கிடும். ஏழுன்னா ஒட்ட எடம் இல்லாம ஒண்ணா உருளும். ஒண்ணோட ஒண்ணு உரசித் தோலு கிழிஞ்சிருக்கு. மூணு மாசத்து இரும்பு ஒரே நாளுல." பெனிலா பெருமூச்சு விட்டாள். "ஒரு விசயம் யோசிச்சியா? அந்த ஆறு பிள்ளைகளுக்கும் மாசாமாசம் ரத்தம் போவுது. அவங்களுக்குத்தான் இரும்பு வேணும். அவங்க பங்கும் ஒன் வயித்துலதான் கெடக்குது."

இதை மாதேஸ்வரி யோசித்ததில்லை. ருத்ரா மாடிப்படியில் நடுவில் நின்று மூச்சு வாங்குவது நினைவுக்கு வந்தது.

"சத்து மட்டும் குடுத்தா எல்லாரும் முழுங்கிருவோம்க்கா" என்றாள் மெதுவாக. "அது கோள் சொல்லுது இல்ல?"

மறுபடியும் நாற்காலி. ஐந்தாவது முத்து பன்னிரண்டே காலுக்கு வந்தது. ஆறாவது, அதன் பின்னாலேயே. ஒவ்வொன்றும் விழும்போது டொக் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கு இருவரும் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார்கள். மாதேஸ்வரிக்கு வெட்கம் எப்போதோ போய்விட்டிருந்தது. ஒவ்வொன்றையும் தானும் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். பெனிலா கழுவிக் காட்டினாள். தோல் கிழிந்த ஒரு முத்தின் உள்ளே, நூலிழை தடிமனில் பொன்னிற வளையம் ஒன்று மின்னியது.

"அதுதான் பேசுறதாக்கா?"

"அதுதான். இந்தக் கருவிய கிட்டக் கொண்டு போனா பேரு, ஊரு எல்லாம் காட்டும்." மேசை மேல் கிடந்த கைக்கருவியைப் பெனிலா மோவாயால் சுட்டினாள். "ஒடம்ப விட்டு வெளியே வந்த முத்தப் படிச்சு, வாரியத்து ஆளுட்ட ஒப்படைக்கணும். காலைல எட்டு மணிக்கு வருவாரு. படிச்ச ஒடனே வீட்டுக்கு மெசேஜ் போவும். 'முத்து வெளியேறியுள்ளது'ன்னு."

மாதேஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப ஆறு பேரு வூட்டுக்கும் போயிரும். ஏன் வெளிய வந்துச்சுன்னு கேப்பாங்க. வேற முத்து போட்டுப் பாப்பாங்க. அதுக்குத்தாங்க்கா நாலுன்னு சொன்னேன். நாலோட நின்னா மூணு பேராவது தப்பிப்பாளுங்க. அதுல ருத்ரா இருக்கலாம் இல்ல?"

பெனிலா எழுந்து போய் ஜன்னலோரம் நின்றாள். வெளியே வேப்பமரத்தடியில் ஆம்புலன்ஸ் டிரைவர் போனில் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தாள்.

"எங்க ஆஸ்பத்திரில ரெண்டு விதி இருக்கு கேட்டியா. முத்து வெளியே வந்தா படிச்சு ஒப்படைக்கணும்னு ஒண்ணு. நோயாளிக்க குடல்ல இருந்து வந்த எந்தப் பொருளையும் நீராவியில அவிச்ச பொறவுதான் வார்டுக்கு வெளியே குடுக்கணும்னு இன்னொண்ணு. மூலையில பிரஷர் குக்கருக்க தாத்தா மாதிரி நிக்குல்லா, அந்த ஆட்டோகிளேவ் அதுக்குத்தான்."

"அவிச்சா?"

"அவிச்சா அந்தப் பொன் வளையம் செத்துப் போவும். பேரு இல்ல, ஊரு இல்ல. வெறும் இரும்பு உருண்டை. வாரியத்துல 'பழுது'ன்னு எழுதிக்கிடுவாவ, பழுது வழக்கமா வாறதுதான். அடுத்த காலாண்டுலதான் புது முத்து தருவாவ." பெனிலா கையுறையைச் சரிசெய்தாள். "எந்த விதிய முதல்ல செய்யணும்னு எங்கயும் எழுதல. இதுவரைக்கும் யாரும் என்னட்ட கேட்டதும் இல்ல."

மாதேஸ்வரி அவளையே பார்த்தாள். கண்ணில் நீர் திரண்டு மூக்குக் குழாயின் பிளாஸ்திரி வரை வழிந்தது.

"அழாத. மூணு மாசந்தான். அதுக்கு மேல எனக்கும் வழி தெரியாது. காலைல டாக்டர்ட்ட பேசுவேன். பேரு சொல்ல மாட்டேன், ஆனா அந்தக் கல்யாண விசயத்தப் பேசாம இருக்க மாட்டேன். இனி நீ முழுங்கினேன்னு கேட்டா நானே வந்து அடிப்பேன்."

ஏழாவது முத்து ஒரு மணிக்கு வந்தது. நீலம். "தீந்துது" என்று பெனிலா சிலுவை போட்டுக்கொண்டாள். மாதேஸ்வரி நாற்காலியில் சாய்ந்தாள். எலும்பெல்லாம் கரைந்து தண்ணீரோடு போய்விட்டது போல ஓர் அயர்ச்சி.

டொக்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"பிள்ளே, இன்னும் எத்தன பொய் பாக்கி இருக்கு?"

"இல்லக்கா. சத்தியமா ஏழுதான். என் கையால எண்ணி முழுங்குனேன்."

பெனிலா இடுக்கியால் எடுத்தாள். குழாய் நீரில் காட்டினாள். பழுப்புக் கசடு போனதும் நிறம் தெரிந்தது.

மஞ்சள்.

விடுதியில் மஞ்சள் முத்து இரண்டே பேருக்குத்தான். ஒருவர் வார்டன். இன்னொருத்தி சமையல்காரி, அம்மா.

முத்து கொடுத்த அன்று ராத்திரி விடுதியில் கேழ்வரகுக் களி. களியை யாரும் மெல்லுவதில்லை. மென்றால் பல்லில் ஒட்டும், ருசியும் கெடும். உருட்டி, அவரைக்காய்க் குழம்பில் புரட்டி, அப்படியே தொண்டைக்குள் வழுக்கி விடவேண்டும். அன்றைக்கு அம்மா, "இந்தா சாமி, என் கையால ஒரு வாய்" என்று கூப்பிட்டு, பத்தாவது படிக்கிற பெண்ணுக்கு எல்லார் முன்னாலும் ஊட்டிவிட்டாள். பிள்ளைகள் கேலி செய்தார்கள். மாதேஸ்வரி கோபத்தோடு வாயைத் திறந்து, அந்த உருண்டையை ஒரே விழுங்காக விழுங்கினாள்.

அவள் மறைப்புத் துணியை விலக்கிக் கட்டிலுக்குக் கீழே பார்த்தாள். அம்மாவின் பாதம் புடவைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. குதிகால் மெழுகு போல வெளுத்திருந்தது. அடுப்பிலிருந்து பெரிய அண்டாவை இறக்க இந்த ஒரு மாதமாக அம்மா ஆயாவைக் கூப்பிடுகிறாள். சாப்பாட்டுத் தட்டுகளை நின்றுகொண்டு அல்ல, ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு கழுவுகிறாள். சமையலறைக்குப் பின்னால், கிழித்த பழைய சேலைத் துணிகள் தினமும் கொடியில் காய்கின்றன. மாதத்தில் நாலைந்து நாள் அல்ல. தினமும்.

"அக்கா" என்றாள் மாதேஸ்வரி. "சமையல் வேலை செய்றவங்களுக்கு ஒடம்புல கோளாறுன்னு முத்து சொன்னா, வேலைய வுட்டு நிறுத்திருவாங்க. விடுதிக்குள்ள அவங்களுக்குக் குடுத்த ரூமையும் காலி பண்ணனும். நான் அங்க படிக்கிறது, சமையல்காரி பொண்ணுன்னுதான்."

பெனிலா மஞ்சள் முத்தையும் தரையில் படுத்திருந்தவளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. சாயங்காலமே அந்த வெளுத்த முகத்தை அவள் பார்த்திருந்தாள். மகளை நினைத்த பயத்தில் வெளுத்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டாள்.

"அப்போ அம்மைக்கு எவ்வளவு நாளா இரும்பு இல்ல? அதுவும் இவ்வளவு ரத்தம் போயிட்டு இருக்கும்போ..." முடிக்காமல் மாதேஸ்வரியைத் துடைத்துக் கட்டிலில் ஏற்றினாள்.

நீல முத்துகள் ஏழையும் ஒரு சிறிய எவர்சில்வர் டப்பாவில் போட்டாள். ஆட்டோகிளேவின் மூடியைத் திறந்தாள். மஞ்சளை இடுக்கியில் பிடித்தபடி ஒரு கணம் நின்றாள்.

"இதையும் போட்டுரவா? நீ சொல்லு. ஏழு கெடக்க எட்டு. ஒனக்கு ஏப்ரல்ல பரிட்சை."

மாதேஸ்வரி இடுக்கியிலிருந்த மஞ்சளைப் பார்த்தாள். மூக்குக் குழாயில் தண்ணீர் இறங்கும் வெதுவெதுப்பு தொண்டைக்குப் பின்னால் தெரிந்தது.

"அத அவிச்சா எங்கம்மாவ இங்க சேத்துக்குவீங்களாக்கா?"

பெனிலா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "பெரியவங்களுக்கு முத்து படிக்காம சீட்டு போட முடியாது. பழுதுன்னா வாரியத்துல போய் எழுதி வாங்கிட்டு வரணும். ஒரு வாரம், பத்து நாளு ஆவும். இந்த நெலமையில..."

"அப்ப அதப் போடாதீங்க. படிங்க."

"படிச்சா வேலை போவும் பிள்ளே. நல்லா யோசி."

"தெரியும்க்கா. படிங்க."

ஆட்டோகிளேவின் மூடி ஏழு நீல முத்துகளின் மேல் இறங்கியது. கைப்பிடி இறுகியது. உள்ளே தண்ணீர் கொதிக்கத் தொடங்கும் உறுமல் கேட்டது. பெனிலா கைக்கருவியை எடுத்து மஞ்சள் முத்தின் மேல் வைத்தாள். சின்னதாக ஒரு பச்சை வெளிச்சம்.

தரையில், சின்னபாப்பாவின் இடுப்பில் சொருகியிருந்த சுருக்குப் பைக்குள் போன் அதிர்ந்தது.

அவள் தூக்கத்திலிருந்து விழித்தவளாகத் தெரியவில்லை. கண் சிவந்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, போனை எடுத்து மகளிடம் நீட்டினாள்.

"என்னான்னு வந்திருக்குது, படி."

மாதேஸ்வரி படித்தாள். "சின்னபாப்பா அவர்களே, தங்கள் நலமுத்து உடலை விட்டு வெளியேறியுள்ளது. உடனே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லவும்."

"அதான் வந்துனு குந்தினு இருக்கறமே" என்றாள் சின்னபாப்பா. சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அல்லாத்தையும் கேட்டுனுதான் படுத்திருந்தேன் சாமி. ஆறு பேரோடத நீ சொமக்கறன்னு எனக்குத் தெரியாது. போன தபாவும் இப்பிடித்தான் ஊட்டினேன், ஒண்ணும் ஆவல. ஒண்ணு இருக்குற எடத்துல ரெண்டு இருந்தா என்னா ஆயிரும்னு நெனச்சேன். டாக்டர் கேட்டப்ப சொல்லிரலாம்னு வாயத் தொறந்தேன். நீ நாலுன்ன. அந்த நாலுல என்னோடதும் சேத்திதான்னு நெனச்சுக்கினேன். இவளுக்கு எப்பிடியோ தெரிஞ்சிருக்குது, அம்மாவக் காட்டிக் குடுக்காம சொல்றான்னு..." தன் வலது கையை விரித்துப் பார்த்தாள். "எம்புள்ள வாயில நானே வெசத்த உருட்டி வெச்சேன்."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீ சொன்னியாடி?"

மாதேஸ்வரி கட்டிலிலிருந்து கையை நீட்டினாள். அம்மாவின் விரல்கள் சில்லென்று இருந்தன. நகக்கண்ணில் துளி சிவப்பு இல்லை.

பெனிலா அதற்குள் புதுச் சீட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தாள். சின்னபாப்பாவின் கண்ணிமையைக் கட்டைவிரலால் கீழே இழுத்துப் பார்த்தாள். வெள்ளைத் தாள் போல இருந்தது. வாசலுக்குப் போய் ஆயாவைக் கூப்பிட்டு, ரத்த வங்கிக்குப் போன் போடச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"பேரு சின்னபாப்பா. வயசு?"

"நாப்பது இருக்கும்."

"வேலை?"

சின்னபாப்பா மகளைப் பார்த்தாள். மகள் கண்ணை எடுக்கவில்லை.

"சமையலு" என்றாள்.

பெனிலா எழுதினாள். "எத்தன நாளா போவுதும்மா?"

சின்னபாப்பா விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தாள்.

"தீபாவளியில இருந்து" என்றாள் சின்னபாப்பா.

வெளியே மாசி மாதத்துக் காற்று. பெனிலாவின் பேனா ஒரு கணம் நின்று, பிறகு எழுதத் தொடங்கியது.